செவிவழிச் சொல்: மாத்தளை தரும் சான்றுகள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவில், மாத்தளை நகரைக் கடந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் சென்றால், பாறைகளுக்கிடையே அலுவிகாரை அமைந்திருப்பதைக் காணலாம். பௌத்தர்களுக்கு அது புனிதத் தலம். பயணிகளுக்கு அது ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டப்படுவதைக் கண்டு வியக்கும் இடம். மொழியின் வரலாற்றைப் பயில்வோருக்கோ அதன் முக்கியத்துவம் வேறானது. பல தலைமுறைகளாகக் காதாலும் நாவாலும் மட்டுமே காக்கப்பட்டு வந்த ஒரு பெருஞ் சொற்குவியல் ஓலைக்கு இடம் மாறியது அங்கேதான் என்பது மரபு.

கேட்டுக் கேட்டே சொல்வளத்தைப் பெருக்கிக் கொள்ளலாம் என்ற வாக்குறுதியுடன் இன்று ஒலிப்பாடங்கள் பல வெளிவருகின்றன. கைபேசியில் ஒரு குரல் சொல்லைக் கூறுகிறது, அதன் பொருளைக் கூறுகிறது, மீண்டும் கூறுகிறது, கேட்பவர் திருப்பிச் சொல்கிறார். இதனைப் பெரும் புதுமை என்று கருதும் மாணவர்கள் பலர் உள்ளனர். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. முறையோ மிகப் பழையது. அம்முறை யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடப்பட்டிருந்தது, யாருக்கு அது தவிர வேறு வழியே இல்லாதிருந்தது என்ற கேள்விகளை எழுப்பினால், சொல்வளம் என்பது தனிமனித முயற்சி மட்டுமன்று என்பது புலனாகும். மாத்தளை மாவட்டம் ஒன்றே இதற்குப் போதிய சான்றுகளைத் தருகிறது.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆட்சிக் காலத்தில் திரிபிடகமும் அதன் உரைகளும் எழுத்தில் பொறிக்கப்பட்டன என்று மகாவம்சம் கூறுகிறது. அதற்கு முன்னர் பிக்குகள் அவற்றை 'முகபாடமாக'க் கொண்டு வந்தனர் என்பது அந்நூலின் சொல். மகாவம்சம் இடத்தின் பெயரைக் கூறவில்லை; மாத்தளையின் அலுவிகாரையைச் சுட்டுபவை பிற்காலச் சிங்கள நூல்களும் மரபுமே. ஆயினும் நிகழ்ச்சியின் அடிப்படையை மறுப்பதற்குக் காரணமில்லை.

இந்த முகபாடம் எவ்வாறு நடைபெற்றது? பாணகர்கள் எனப்பட்ட ஓதுவோர் குழுக்களாகப் பிரிந்திருந்தனர். தீக நிகாயத்தை ஓதியவர்கள் ஒரு குழு. மஜ்ஜிம நிகாயத்தை ஓதியவர்கள் மற்றொரு குழு. சங்யுத்த நிகாயத்துக்கும் அங்குத்தர நிகாயத்துக்கும் ஜாதகக் கதைகளுக்கும் தனித்தனிக் குழுக்கள். அறிவுத்துறையில் ஏற்பட்ட ஒரு வேலைப் பிரிவினை என்றே இதனைக் கூறலாம். பாளி நூல்களைப் படிப்போர் முதலில் சலிப்படைவது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கண்டுதான். ஒரு கருத்தைச் சொல்ல ஒரே பொருளுடைய நான்கு, ஐந்து சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் குறுகிய சொல் முன்னும் நீண்ட சொல் பின்னும் நிற்கும். கண்ணால் படிப்பவனுக்கு இது மிகை. காதால் கேட்பவனுக்கோ இதுவே பிடிகொம்பு. ஒரு சொல்லைத் தவறவிட்டவன் அடுத்த சொல்லைப் பிடித்துக் கொள்வான்; அதே வேளையில் ஒரு பொருளுக்குரிய பல சொற்களையும் தன்னையறியாமலே கற்றுவிடுவான்.

இங்கு மகாநித்தேசம் என்ற நூலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். சுத்த நிபாதத்தின் ஒரு பகுதிக்கு எழுந்த பழைய விளக்கம் அது. அதன் முறை எளியது: செய்யுளில் வரும் ஒரு சொல்லை எடுப்பது, அதற்கு இணையான சொற்களை வரிசையாக அடுக்குவது, அச்சொல் எங்கு மீண்டும் வந்தாலும் அதே வரிசையை மீண்டும் ஓதுவது. அகராதிகள் தோன்றாத காலத்தில் சொற்பொருளைச் செவி வழியாகப் பயிற்றிய பாடமாகவும் அதனைக் கொள்ளலாம். அந்நூல் ஒரு காலத்தில் ஒரே ஒரு பிக்குவுக்கு மட்டுமே மனப்பாடமாக இருந்தது என்று பாளி உரைநூல் ஒன்று கூறுகிறது. அந்த ஒருவரோ ஒழுக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவரல்லர். அவரிடம் சென்று பாடங் கேட்பதா என்று ஏனையோர் தயங்கினர். அவர் இறந்தால் நூலும் இறந்துவிடும் என்பதால் இறுதியில் கேட்டுக் கற்றனர். ஒரு நூல் முழுவதும் ஒரு மனிதனின் மூச்சில் தொங்கிக் கொண்டிருந்த காலம் அது.

ஏன் அந்நிலை வந்தது? வட்டகாமணியின் ஆட்சி தொடக்கத்திலேயே குலைந்தது. தீசன் என்ற பிராமணனின் கலகம், தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் படையெடுப்பு, கி.மு. 103 முதல் 89 வரை ஐவர் ஆட்சி, இவற்றோடு சேர்ந்து கொடிய பஞ்சம். உணவளித்து வந்த குடியானவர்களே பட்டினி கிடந்தபோது விகாரைகள் வெறிச்சோடின. கிழங்கையும் இலையையும் தின்று உயிர் பிழைத்த சில பிக்குகள், உட்காரவும் வலுவின்றி மணலைக் குவித்து அதில் தலை சாய்த்துப் படுத்தபடியே பாடத்தை ஓதி வந்தனர் என்று உரைநூல்கள் கூறுகின்றன. பஞ்சம் தீர்ந்த பின் ஒழுக்கமா கல்வியா சாசனத்தின் வேர் என்று ஒரு விவாதம் எழுந்ததும், கல்வியே வேர் என்று வாதிட்டோர் வென்றதும் இதே சூழலில்தான். மனிதன் சிறுத்துப் போனான், ஆகவே எழுத வேண்டியதாயிற்று என்பது மகாவம்ச ஆசிரியரின் விளக்கம். நமக்கோ காரணம் அவ்வளவு மறைபொருளாகத் தோன்றவில்லை. மனப்பாடத்துக்கு வயிறு நிறைய வேண்டும். ஓதுவோனை ஊர் உண்பிக்க வேண்டும். உழவனின் மிகுவிளைச்சல் இல்லாத இடத்தில் பாணகனும் இல்லை.

அந்த ஓலைகளின் பிற்கால வழித்தோன்றல்கள், 1848இல் மாத்தளையில் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது விகாரையோடு அழிக்கப்பட்டன என்று கூறப்படுகிறது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே.

எழுத்து வந்த பின்னும் செவிவழிப் பாடம் மறைந்துவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் மொக்கல்லானர் என்ற பிக்கு, வடமொழி அமரகோசத்தைப் பின்பற்றி 'அபிதானப்பதீபிகா' என்ற பாளிச் சொற்கோவையைச் செய்யுளில் இயற்றினார். 15ஆம் நூற்றாண்டில் கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் சிங்களச் சொற்களுக்கு 'நாமாவலிய' என்ற செய்யுள் நூல் தோன்றியது. அதன் ஆசிரியரான நன்னூர்த் துணையார் தமிழர் என்றே கருதப்படுகிறார். சிங்களச் சொல்வளத்தைச் சிங்களவருக்குத் தொகுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்ற செய்தி நம் பாடப்புத்தகங்களில் ஏன் பெரிய எழுத்தில் இடம் பெறுவதில்லை என்பதை ஆசிரியர்கள் சிந்திக்கலாம்.

தமிழில் இம்மரபு திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என நீண்டு வந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தது. ஓசையே நினைவுக்குத் துணை. பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவது ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூறுவது; அது எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. அகர வரிசை என்பது கண்ணுக்கு ஏற்ற ஒழுங்கு. எதுகை வரிசை காதுக்கு ஏற்ற ஒழுங்கு. ஆறுமுக நாவலர் இந்நிகண்டைப் பதிப்பித்த காலத்திலும் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சொல்லப் பிள்ளைகள் கூடிச் சொல்வதே பாடமுறை. பொருள் விளங்காமல் உருப்போடுவது மூளைக்குச் சுமை என்று பின்வந்த கல்வியாளர்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் அக்கண்டனத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று. திண்ணையில் உட்கார இடம் பெற்றவர்கள் யார்? வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் காது உண்டு என்ற மதிப்பு அதில் இருக்கிறது. தரும சூத்திரங்களோ, வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லின. கேட்டுக் கற்பது எவ்வளவு வலிமையுடையது என்பதை மேல்சாதியினர் நன்றாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி மாத்தளைக்கு வந்த வேறொரு கூட்டத்தைப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய மலைநாட்டில் காப்பிப் பயிர் பரவியபோது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர்கள் கூட்டங் கூட்டமாகக் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை என நடந்து மாத்தளையை அடைவது அவர்களின் பாதை. காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் வழிநெடுகப் பிணங்களை விட்டுச் சென்றன. அலுவிகாரைப் பாறைகள் நிற்கும் அந்த வடபாதை வழியாகத்தான் அவர்களும் வந்தார்கள். 1869இல் காப்பி இலையில் நோய் கண்டு, அப்பயிர் அழிந்து, தேயிலையும் கொக்கோவும் ரப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. பாடசாலைதான் வரவில்லை.

தோட்டத்துத் தொழிலாளியின் வாழ்க்கையில் எழுத்து எந்த வடிவில் நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செக்ரோலில் அவன் பெயர் எழுதப்பட்டது. அவன் அதைப் படித்ததில்லை. 'முழுப் பேர்', 'அரைப் பேர்' என்று அவன் நாள் முழுதும் பட்ட பாடு இரண்டு சொற்களில் அடங்கியது. 'துண்டு' என்ற சிறு காகிதம் இருந்தது: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விட்டுவிடுவோம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை வைத்துக் கொண்டு கங்காணி ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கடத்தினான். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தன்னை விற்கும் வாசகத்தைத் தானே படிக்க முடியாத நிலையில் தொழிலாளி இருந்தான். துண்டு என்ற சொல்லின் கனத்தை அவன் காதால்தான் கற்றான்.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. பத்து வயதில் கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்குப் புறம்பாகவே நின்றன. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோயிற்று. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களில்தான் அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆக, சுமார் ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் ஒரு மக்கட் கூட்டம் தன் மொழியை முழுக்க முழுக்கச் செவிவழியாகவே பேணி வந்தது.

அது எவ்வாறு இயன்றது? விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியில் தொடங்கி இரவு வரை அவர்களின் நாள் ஒலியால் ஆனது. மாலையில் லயத்தின் இஸ்தோப்பில் எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை எடுத்து அல்லியின் கதையையோ பாரதக் கதையையோ இராகம் போட்டு வாசிப்பார். சுற்றிலும் பத்து இருபது பேர் கேட்பார்கள். ஒரு புத்தகம், ஒரு விளக்கு, ஒரு குரல்: அதுவே பாடசாலை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் விடிய விடிய ஆடப்பட்டன. அன்றாடப் பேச்சில் எவரும் வழங்காத செய்யுட் சொற்களை எழுத்தறியாத கூத்தர்கள் வாத்தியார் வாயிலிருந்து கேட்டுப் பயின்று, தெளிவாகப் பாடினர். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்தெடுக்கும் பாட்டும் பெண்களின் பள்ளி. அப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்ற சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் வர நேர்ந்தது.

இதே காலத்தில் இன்னொரு சாராரும் தமிழ்ச் சொற்களைச் செவிவழியாகக் கற்றுக் கொண்டிருந்தனர். அவர்கள் தோட்டத் துரைமார். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைக்காகப் பெர்குசன் என்பவர் ஒரு சட்டைப்பைப் புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' வந்தது. தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் பெயர்த்து, காதில் விழும்படி சொல்லிப் பழகுவதற்காக அமைந்த கைநூல்கள் இவை. சொல்வளத்தைப் பெருக்குவது என்பது எப்போதும் விடுதலைக்கான வழி என்று எண்ணும் நல்லெண்ணக்காரர்கள் இந்நூற்பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். ஒருமையில் ஓர் ஏவல். அதுவே நூலின் பெயர். எந்தச் சொற்களை ஒருவன் கற்கிறான் என்பதை அவன் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. துரைக்கு வேண்டியிருந்தது ஏவல் வினை. தொழிலாளியின் துயரத்தைக் கேட்டறியும் சொற்கள் அவனுக்குத் தேவைப்படவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் தோட்டத் தொழிலாளர் நடுவே பத்திரிகையோடு நுழைந்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளை நடத்திய அவர், அச்சு மட்டும் லயத்துக்குள் போகாது என்பதை விரைவில் உணர்ந்தார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டு, தெரியாத சொற்கள். சங்கம், உரிமை, ஒற்றுமை, நியாயம் என்ற சொற்கள் மேடைப்பேச்சின் வழியாக வந்ததைவிடப் பாட்டின் வழியாக ஆழமாகப் பதிந்திருக்கும் என்று கருத இடமுண்டு. 1940இல் அவர் தம் பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். தெரிந்த ஓசையில் புதிய சொல்லை ஏற்றுவது என்ற இந்த உத்தி, மண்டல புருடரின் விருத்தத்திலிருந்து அதிக தூரம் விலகியதன்று. ஏற்றிய சரக்குத்தான் வேறு.

இயந்திரக் குரலின் கதையை இங்கே சுருக்கமாகக் கூறினால் போதும். எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து முடித்தார். அதன் பயன்கள் இவை என்று 1878இல் அவர் எழுதியவற்றுள் பேச்சுப் பயிற்சியும் மொழிகளைப் பாதுகாத்தலும் இடம் பெற்றன. 1901இல் தொடங்கப்பட்ட லிங்குவாபோன் நிறுவனம் மெழுகு உருளைகளில் மொழிப்பாடம் விற்றது. வாங்கியோர் வசதி படைத்தோர். ஏழை உழவர்களை நோக்கி அக்குரலைத் திருப்பியது 1947இல் கொலம்பிய மலைக்கிராமம் ஒன்றில் சல்சேடோ என்ற பாதிரியார் தொடங்கிய சுத்ததென்சா வானொலி. மின்கல வானொலிப் பெட்டியைச் சுற்றி அயலவர் கூடி அமர, எழுத்தறிந்த ஒருவர் உடனிருந்து கரும்பலகையில் எழுதிக் காட்ட, குரல் பாடம் நடத்தியது. இஸ்தோப்பில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்கள் கண்டிருப்பார்கள். குரல் தனித்து நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆசியாவில் முந்தியவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் மின்சாரமில்லாத லயங்களுக்கு அது மிகத் தாமதமாகவே சென்றது. மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டி வந்த பின்னர்தான் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கந்தேநுவரையிலும் உள்ள தோட்டங்களில் அக்குரல் பரவலாகக் கேட்டது. 1964 அக்டோபரில் கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என ஒத்திவைக்கப்பட்டது. 'நாடற்றவர்' என்ற சொல்லையும் மலையக மக்கள் யாரும் அகராதியில் தேடிக் கற்கவில்லை.

1956க்குப் பின் அரச கருமம் யாவும் சிங்களத்துக்கு மாறியபோது, தபாற் கந்தோரிலும் பொலிசிலும் ஆஸ்பத்திரியிலும் வேண்டிய சிங்களத்தைத் தோட்டத்து மக்கள் சந்தையிலும் பக்கத்துக் கிராமத்திலும் கேட்டே பிடித்தனர். பேசத் தெரியும், படிவத்தை நிரப்பத் தெரியாது. இக்குறை இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஒலிப்பாடம் மட்டுமே போதும் என்று கூறுவோருக்கு இதுவே விடை. அலுவிகாரையில் கூடிய பிக்குகள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட குறையும் இதுதான்: காது வாங்கியதைக் கை எழுதாவிட்டால், அடுத்த பஞ்சம் வரும்போது அது கைவிட்டுப் போகும்.

இன்று தோட்டத்துப் பெண்கள் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கிறார்கள். புறப்படுமுன் நடக்கும் பயிற்சியில் அவர்களுக்கு அரபுச் சொற்களும் ஒலி வடிவிலேயே கற்பிக்கப்படுகின்றன: அடுப்பு, துணி, குழந்தை, தண்ணீர், கழுவு, கொண்டு வா. 'இங்கே வா' என்ற புத்தகத்தின் மறுபக்கம் இது. சம்பளம், ஓய்வுநாள், கடவுச்சீட்டு, முறைப்பாடு ஆகியவற்றுக்குரிய சொற்களுக்கு அப்பட்டியலில் முதலிடம் தரப்பட வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் வற்புறுத்துமானால் அது பயனுள்ள பணியாகும்.

மாத்தளையில் அந்த எழுத்துப் பணியும் நடந்தேறியது. அவ்வூரின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக் கொண்டு ஓர் எழுத்தாளர் வரிசை 1960களிலும் 70களிலும் எழுந்தது. அவர்களுள் மலரன்பன், சோமு, வடிவேலன் ஆகிய மூவரின் சிறுகதைகள் 1980இல் 'தோட்டக்காட்டினிலே' என்ற தொகுப்பாக வெளிவந்தன. 'தோட்டக்காட்டான்' என்பது மலையகத் தமிழனை இழிவுபடுத்த ஏனைய தமிழர் வழங்கிய சொல். காதில் விழுந்து விழுந்து புண்ணாக்கிய அச்சொல்லையே அவர்கள் அட்டையில் அச்சிட்டனர். பிரட்டு, லயம், கங்காணி, இஸ்தோப்பு, அரைப் பேர் போன்ற சொற்கள் அடைப்புக்குறி விளக்கம் வேண்டாமலே இலக்கியத் தமிழுக்குள் வந்து அமர்ந்தன. பல்கலைக்கழக அகராதிகள் அவற்றுள் எத்தனையை ஏற்றிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலையை மாத்தளைப் பாடசாலை ஒன்றின் உயர்வகுப்பு மாணவர்கள் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கலாம். வீட்டிலிருக்கும் பாட்டிமாரிடம் கேட்டு, கைபேசியில் பதிந்து, பிறகு எழுத வேண்டும்.